மிதவாதியின் வாக்குக் கணக்கு

(வழக்கறிஞரும் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய அரசியற் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மக்கட் பிரதிநிதி ஒருவரை எதைக்கொண்டு அளப்பது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருளாகும். அவர் மேடையிற் பேசிய பேச்சைக்கொண்டு அளப்பாரும் உளர். அவர் கற்ற கல்வியைக்கொண்டு அளப்பாரும் உளர். அவர் பெற்றுத்தந்த தெருவையும் பாலத்தையும் எண்ணிக் கணக்கிடுவாரும் உளர். இவை யாவும் பார்க்கத்தக்கனவே. எனினும் சட்டமியற்றும் சபைக்கு ஒருவரை நாம் அனுப்புவது, அங்கே ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது நம் பெயரால் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்வதற்காகவேயாம். பேச்சு காற்றோடு போய்விடலாம். வாக்கு சட்டமாகிறது, சட்டம் நம் வீட்டுப் படலை வரை வந்து நிற்கிறது.

யாவற்றையும் எதிர்த்தே தீருவேன் என்று நிற்பவரின் வாக்கைக் கணிப்பது எளிது. ஆட்சியாளர் கொண்டுவரும் யாவற்றையும் ஆதரிப்பவரின் வாக்கைக் கணிப்பது இன்னும் எளிது. நடுவே நிற்கும் மிதவாதியின் கணக்கே சிக்கலானது. அவர் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறார். வாங்கியது என்ன, கொடுத்தது என்ன, கொடுத்தது யாருடையது என்று வரி வரியாகப் பார்த்தாலன்றி அவர் செய்த வியாபாரம் இலாபமோ நட்டமோ என்று சொல்லவியலாது. மிதவாதம் என்ற சொல்லை நம்மவர்களுள் சிலர் வசையாகவும் சிலர் புகழாகவும் வழங்குகின்றனர். இரண்டும் ஆராயாத தீர்ப்புகள் என்பதே நமது எண்ணம்.

ஆதலின் ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு பார்ப்போம். அவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம். அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அவரைத் தூற்றுவதாலோ போற்றுவதாலோ இன்று எவருக்கும் ஒரு வாக்கேனும் கூடப் போவதில்லை. ஆகவே அமைதியாக ஆராயலாம்.

1901 இல் பிறந்த பொன்னம்பலம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்று பாரிஸ்டராகி மீண்டவர். 1934 இல் பருத்தித்துறைத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்தார். குற்றவியல் வழக்குகளில் அவருக்கு நிகரான வாதி இந்நாட்டில் அரியர் என்பது நீதிமன்றம் அறிந்த செய்தி. அந்த நாவன்மையைக்கொண்டு அவர் முழங்கிய கோரிக்கை ‘ஐம்பதுக்கு ஐம்பது’ என்பதாகும். பெரும்பான்மையினருக்குப் பாதி ஆசனம், சிறுபான்மையினர் அனைவருக்கும் சேர்த்து மறுபாதி என்பது அதன் பொருள். 1944 இல் தமிழ்க் காங்கிரஸ் நிறுவப்பட்டது. 1945 இல் சோல்பரி ஆணைக்குழுவின் முன் அக்கோரிக்கையை அவரே எடுத்துரைத்தார். ஆணைக்குழு அதனை ஏற்கவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு மனிதரையும் நினைவுகூர வேண்டும். சேர். பொன். அருணாசலத்தின் மைந்தர் அருணாசலம் மகாதேவா அந்நாளில் உள்நாட்டு மந்திரியாயிருந்தார். நிதானமும் ஒத்துழைப்புமே அவரது அரசியல். 1945 நவம்பரில், சோல்பரித் திட்டத்தையொட்டிய வெள்ளை அறிக்கையை ஏற்கும் தீர்மானம் அரசாங்க சபைக்கு வந்தபோது, 51 பேர் ஆதரித்தனர். 3 பேரே எதிர்த்தனர். அன்று சபையிலிருந்த இலங்கைத் தமிழ் அங்கத்தவர்கள் ஆதரவாகவே வாக்களித்தனர். பொன்னம்பலம் அவ்வேளை இலண்டனில் இருந்தார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் மகாதேவாவை எதிர்த்துப் பொன்னம்பலம் போட்டியிட்டார். மகாதேவா அளித்த அந்த வாக்கே அவர்மீது சாட்டப்பட்ட குற்றமாயிற்று. பொன்னம்பலம் பெருவெற்றி பெற்றார். தமிழ்க் காங்கிரஸ் 7 ஆசனங்களைக் கைப்பற்றியது. மிதவாதி ஒருவரை அவரது வாக்கைக் காட்டியே வீழ்த்தியவர் பொன்னம்பலம். இதனை மனத்திற் கொள்ளுங்கள்.

இனி 1948 ஆம் ஆண்டுக்கு வருவோம். சுதந்திரம் பெற்ற அரையாண்டுள், ஆகஸ்ட் மாதத்தில், பிரதமர் டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் இலங்கைப் பிரசாவுரிமை மசோதாவைக் கொணர்ந்தது. அதுவே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம். அச்சட்டத்தின்படி, குறித்த நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரசை ஆவதற்கு அவர் தாம் இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. அவர் தகப்பனார் இங்கே பிறந்திருக்க வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த தொழிலாளி, தன் தகப்பனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? இச்சட்டத்தால் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மலைநாட்டுத் தமிழர் நாடற்றவராயினர். அம்மசோதாவைப் பொன்னம்பலம் எதிர்த்தார், தமிழ்க் காங்கிரஸ் எதிர்த்தது, இடதுசாரிகளும் எதிர்த்தனர். வாக்குக் கணக்கில் இது அவருக்கு வரவு.

அடுத்த மாதம், செப்டம்பரில், அவர் அரசாங்கத்திற் சேர்ந்து கைத்தொழில், கடற்றொழில் மந்திரியானார். ஒத்துழைத்து உரிமை பெறுவோம் என்பது அப்போது அவர் கொண்ட கொள்கை. மகாதேவாவைத் தோற்கடித்தவர் மகாதேவாவின் வழியிலேயே நடக்கலானார். அதனை வைத்து அவரை இகழ்வது எளிது, நாம் இகழமாட்டோம். எதிர்க்கட்சியில் ஏழு பேராய் இருந்துகொண்டு எதனைத் தடுக்க முடியும் என்ற கேள்வி அன்றும் நியாயமானது, இன்றும் நியாயமானது.

அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது மசோதா வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் பிரசாவுரிமைச் சட்டமாக, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமாக, அது நிறைவேறியது. 1946 ஜனவரி 1 ஆம் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடையறாது இங்கே வசித்ததை நிரூபித்து, இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்தால் பிரசாவுரிமை பெறலாம் என்பது அதன் சாரம். மந்திரியான பொன்னம்பலம் அதனை ஆதரித்து வாக்களித்தார். அவருடைய கட்சித் தோழர்களான எஸ். ஜே. வி. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் எதிர்த்தனர். ஏற்கெனவே மந்திரிசபையிலிருந்த வவுனியாப் பிரதிநிதி சி. சுந்தரலிங்கம் இம்மசோதாவின் காரணமாக மந்திரிப் பதவியைத் துறந்தார். தமிழ்க் காங்கிரஸ் பிளந்தது. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. அதற்கிடையில் 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் நிறைவேறி, பிரசையல்லாதவரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியது. அந்நாளில் பொன்னம்பலம் மந்திரிசபையில் வீற்றிருந்தார்.

வழக்கறிஞர் என்ற முறையில் முதலிலே எதிரியின் வாதத்தை நேர்மையாக எடுத்துரைப்பது நமது கடமையாகும்.

பொன்னம்பலத்தின் சார்பில் சொல்லக்கூடியவை மூன்று. உரிமையைப் பறித்தது முதற் சட்டமேயன்றி இரண்டாவது அன்று. முதலாவதை அவர் எதிர்த்தார். இரண்டாவது, அடைபட்ட கதவை ஓரளவேனும் திறந்த சட்டம். திறக்கும் கதவை எதிர்ப்பது எப்படிப் புத்தியாகும்? இது முதலாவது. இரண்டாவது, மந்திரியாயிருந்து அவர் தமிழ்ப் பிரதேசங்களுக்குக் கைத்தொழிலைக் கொண்டுவந்தார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும், வாழைச்சேனைக் கடதாசித் தொழிற்சாலையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அவற்றில் வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் பல உண்டு. மூன்றாவது, வாக்காளர்களே அவரை ஒப்புக்கொண்டார்கள். 1952 தேர்தலில் யாழ்ப்பாணம் அவரையே மீண்டும் தெரிந்தது. எதிர்த்து வாக்களித்த செல்வநாயகம் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகரிடம் தோல்வியுற்றார். தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 2 ஆசனங்களே.

இவற்றை இல்லையென்று சொல்ல நம்மால் முடியாது. ஆயினும் கணக்கின் மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும்.

கதவு திறந்தது என்கிறார்கள். எவ்வளவு திறந்தது? ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரசாவுரிமை கிடைத்தவர் ஏறத்தாழ 1,34,000 பேர். ஆறு பேர் தட்டிய கதவில் ஒருவருக்கே இடம் கிடைத்தது. மேலும், முதற் சட்டம் பறித்ததை இரண்டாவது சட்டம் சலுகையாகத் திருப்பித் தருவதாகச் சொல்லும்போது, அதற்கு ‘ஆம்’ என்று சொல்பவர் பறித்ததையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். முதல் மசோதாவுக்கு அவர் சொன்ன ‘இல்லை’யின் பலத்தை நான்கு மாதத்தின் பின் அவர் சொன்ன ‘ஆம்’ கரைத்துவிட்டது. தமிழரே ஆதரித்த சட்டம் இது என்று வெளியுலகுக்குச் சொல்லும் வாய்ப்பை அந்த ஒரு வாக்கு அரசாங்கத்துக்கு அளித்தது.

நீதிமன்றத்துக்குப் போனோர் கதை என்ன? சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவர்மீது மட்டும் சுமத்தப்படும் இயலாமையைத் தடைசெய்கிறது என்று நம்பி, கோடகன்பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போயிற்று. தன் பிரசைகள் யார் என்று வகுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பாகவே உள்ள அதிகாரம் எனக் கூறி, 1953 இல் பிரிவிக் கவுன்சில் அச்சட்டங்களைச் செல்லுபடியாக்கிற்று. சட்டசபையில் இழந்ததை நீதிமன்றத்தில் மீட்கலாம் என்ற நம்பிக்கை அத்தோடு பொய்த்தது. சபையில் அளிக்கப்படும் வாக்கு எத்துணைக் கனமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தொழிற்சாலைகளை எண்ணிப் பாருங்கள். பொன்னம்பலத்தின் மந்திரிப் பதவி 1953 அக்டோபரில், சேர். ஜோன் கொத்தலாவலை பிரதமரானபோது, போயிற்று. ஒரு பிரதமரின் விருப்பத்தால் வந்த பதவி இன்னொரு பிரதமரின் விருப்பத்தால் நீங்கியது. தொழிற்சாலைகள் நின்றன, பல்லாண்டு நன்மை செய்தன. பின்னர் போர் வந்தது, காங்கேசன்துறை ஆலை 1990 இல் ஓய்ந்தது, பரந்தனும் அழிந்தது. கொடுத்த உரிமையின் கதையோ வேறு. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு என்று பங்கு போட்டது. அந்த மிச்சத்தை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்தன. பங்கிடப்பட்டவரை ஒருவரும் கேட்கவில்லை. இறுதியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை அளித்தது. 1948 இலிருந்து 2003 வரை, 55 ஆண்டுகள்! ஒரு தலைமுறை நாடற்றுப் பிறந்து நாடற்றே மாண்டது.

கமக்காரப் பெருமக்களே, இதனை உங்கள் பாஷையிற் சொல்வோம். விதைநெல்லுக்கோ பிள்ளையின் கலியாணத்துக்கோ பணம் முட்டுப்பட்டால் நாம் காணியை ஒற்றி வைக்கிறோம். அதில் குற்றமில்லை. காலம் வந்தால் மீட்டுக்கொள்கிறோம். ஆனால் தன் காணியை ஒற்றி வைப்பவன் ஒருவன். அயலான் காணியைத் தன் தேவைக்கு ஈடு வைப்பவன் இன்னொருவன். எந்த நொத்தாரிசும் அந்த உறுதியை முடிக்கமாட்டான். 1948 டிசம்பரில் ஈடு வைக்கப்பட்டது யாழ்ப்பாணத்தான் காணியன்று. யாழ்ப்பாணத் தொகுதியில் வாக்கில்லாத, நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பதுளையிலும் கொழுந்து பறித்த மக்களின் உரிமை அது. அவர்கள் பொன்னம்பலத்துக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தார்களா? இல்லை. அவரைத் தண்டிக்க அவர்களுக்கு வாக்கேனும் இருந்ததா? 1947 இல் இருந்தது. தம் பிரதிநிதிகளைத் தெரிந்து அனுப்பினார்கள். 1952 இல் அதுவும் இல்லை. மலைநாட்டுத் தமிழர் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை. ஆகவே 1952 இல் யாழ்ப்பாணம் அளித்த தீர்ப்பை முன்வைத்து இந்த வழக்கை முடிக்க இயலாது. பாதிக்கப்பட்டவன் ஜூரியில் இல்லாத வழக்கு அது.

அயலான் காணி போனால் நமக்கென்ன என்பாருக்கும் ஒரு கணக்குண்டு. தேர்தற் தொகுதிகளை வகுக்கும்போது குடிசனத் தொகை முழுவதும் எண்ணப்பட்டது. வாக்குரிமை இழந்த தோட்டத் தொழிலாளரும் அந்தத் தலைக்கணக்கிற் சேர்ந்தார்கள். அவர்கள் தலைக்காகக் கிடைத்த ஆசனங்கள் மலைநாட்டிலேயே இருந்தன. அவற்றுக்கு வாக்களிப்போர் மட்டும் வேறானார்கள். இவ்வாறு பெரும்பான்மையினரின் பங்கு அவர்களின் தொகைக்கு மேலாக உயர்ந்தது; மூன்றில் இரண்டு பங்கு பலம் எட்டக்கூடியதாயிற்று. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது 66 பேர் ஆதரித்தனர், 29 பேரே எதிர்த்தனர். 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்து 29 ஆம் பிரிவையே துடைத்தது. இழந்த மலைநாட்டு வாக்குகள் நமக்கும் வேலியாயிருந்தவை என்பது அப்போதே பலருக்கு விளங்கிற்று. மலைநாட்டாரின் பிரசாவுரிமைக்கு நேர்ந்தது நாளை நம் மொழிக்கும் நேரும் என்று செல்வநாயகம் எச்சரித்ததன் பொருளும் இதுவே.

இதனால் மிதவாதமே பிழை என்று நாம் முடிவு கட்டுகிறோமா? இல்லை. பொன்னம்பலத்தைக் கடிந்த தமிழரசுக் கட்சியே 1965 இல் டட்லி சேனநாயக்காவோடு உடன்பாடு செய்து, மு. திருச்செல்வத்தை மந்திரிசபைக்கு அனுப்பியது. 1966 இல் தமிழ்மொழி விசேட ஒழுங்குவிதிகள் பெறப்பட்டன. மாவட்ட சபை மசோதா கைவிடப்பட்ட பின்னர், 1968 இல் மந்திரியை விலக்கிக்கொண்டது. சிறுபான்மை இனமொன்று என்றென்றும் எதிர்க்கட்சி வாங்கிலேயே உட்கார்ந்திருக்க முடியாது. பேசாமலும் பேரம் பண்ணாமலும் எந்த உரிமையையும் பெற முடியாது. பேரம் பேசுவோரைத் துரோகி என்று தூற்றும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அவ்வழக்கத்தால் நாம் இழந்த அறிஞர்களின் பெயர்கள் உங்கள் உள்ளத்தில் இருக்கின்றன. வாக்கைக் கணக்குப் பார்ப்பது வேறு. மனிதனை அழிப்பது வேறு. கணக்குக் கேட்கும் சமூகத்துக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை.

ஆகவே மிதவாதி ஒருவர் ஒரு மசோதாவை ஆதரிக்கும்போது அவரை நாம் கேட்க வேண்டியவை இவை. நீர் கொடுத்தது யாருடைய உரிமை? அவர்களிடம் கேட்டீரா? அதற்கு ஈடாகப் பெற்றது சட்டத்தில் எழுதப்பட்டதா, அல்லது ஒரு மந்திரியின் வாய்மொழியா? வாக்குறுதி தவறினால் நீர் வெளியேறும் நாள் எது? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடிய மிதவாதி நாட்டுக்கு அணிகலன். விடை சொல்ல மறுப்பவர், மிதவாதியாயினும் தீவிரவாதியாயினும், நம் முகவராய் இருக்கத் தகுதியற்றவர்.

பொன்னம்பலத்தின் கணக்கை முடிக்குமுன் கடைசி ஏட்டையும் படித்துவிடுவது நீதியாகும். 1956 இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் வென்றவர் அவர் ஒருவரே. 1960 இல் தோற்றார். 1965 இல் மீண்டார். 1970 இல் மறுபடி தோற்றார். 1972 இல் திருகோணமலையில் தமிழர் கூட்டணி அமைந்தபோது, தமிழ்க் காங்கிரஸும் தமிழரசுக் கட்சியும் மட்டுமன்றி, தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் அதிற் சேர்ந்தது. யாருடைய உரிமை 1948 இல் செலவழிக்கப்பட்டதோ அம்மக்களின் தலைவர், செலவழித்தவரோடும் தடுத்தவரோடும் ஒரே கூட்டணியில் இருந்தார். 1976 இல் அமிர்தலிங்கம் முதலியோர் விசேட நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவர்களுக்காகப் பொன்னம்பலமும் செல்வநாயகமும் ஒரே பக்கத்தில் நின்றனர். இருவரும் 1977 இல், இரண்டரை மாத இடைவெளியில், காலமாயினர். மனிதர் ஒன்றுபட இருபத்தெட்டு ஆண்டு போதுமாயிற்று. சட்டத்தை மாற்றவோ அதன்பின் மேலும் இருபத்தேழு ஆண்டு வேண்டியிருந்தது.

சபையோர்களே, நாம் உங்களிடம் கேட்பது பெரிய காரியமன்று. ஒவ்வொரு கிராமத்து வாசிகசாலையிலும் ஒரு கொப்பி வையுங்கள். உங்கள் மாவட்டத்துப் பிரதிநிதிகளின் பெயரை அதில் எழுதுங்கள். பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடக்குந்தோறும் அவர் எப்பக்கம் நின்றார், அல்லது சபைக்கே வராதிருந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். ஹன்சாட் அச்சாகி வருகிறது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் நிறைய உண்டு. வரவு செலவுத் திட்டமாயினும், அவசரகால விதியாயினும், காணிச் சட்டமாயினும், மலைநாட்டார்க்கோ முஸ்லிம் மக்களுக்கோ உரிய விடயமாயினும், ஒன்றையும் விடாது எழுதுங்கள். நம்மைப் பாதிக்காத மசோதாவுக்கு நம் பிரதிநிதி எப்படி வாக்களித்தார் என்ற வரியைச் சிவப்பு மையால் எழுதுங்கள்.

தேர்தல் வரும்போது அவர் உங்கள் படலைக்கு வருவார். அவரை வரவேற்று, இருக்கை கொடுத்து, மோர் கொடுத்து உபசரியுங்கள். பிறகு அந்தக் கொப்பியை அவர் முன் விரித்து வையுங்கள்.